இடது பக்கம் பதினேழு, வலது பக்கம் பால்

அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு எப்போதும் நிதானமான கருத்துகள் உண்டு. என் பிள்ளை என்று வந்துவிட்டால் மட்டும் மூளை லீவு போட்டுவிடும். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. (என் கணவர் கல்யாணமான வாரமே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்.)

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். புனே பக்கம் தேஹு ரோடில் ராணுவ டெப்போ குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவருக்கு டெப்போவில் வேலை. நான் தாபோடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் லோக்கல் ரயிலில் போய் வருவேன். ஒரே மகள் நித்யா. பதினாலு வயது, நிக்டியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஜூன் மாதம், வளரும் பிள்ளைகள் வழி தவறாமல் காப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். சனிக்கிழமை என்பதால் யாரும் முன்வரவில்லை; பதில் சொல்லத் தாமதித்த என் பெயரை எழுதிக்கொண்டார்கள். வகுப்பெடுத்தவர் போர்டின் நடுவில் ஒரு கோடு போட்டார். இடது பக்கம், ஒரு பிள்ளையைத் தவறான வழிக்குத் தள்ளக்கூடியவை: கெட்ட சேர்க்கை, வீட்டில் ஓயாத சண்டை, படிப்பில் பின்தங்குவது, எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லாமல் இருப்பது. வலது பக்கம், விழாமல் பிடித்து நிறுத்துபவை. இடது பக்கம் நிறைந்ததும் நான் நைசாக எழுந்துவிட்டேன். வெளியே வடாபாவ் வந்திருந்தது. வலது பக்கத்தை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் வரிசையில் முதல் ஆளாக நின்றேன்.

ஆக, பாதி வைத்தியம் மட்டும் கற்றுக்கொண்ட டாக்டராக வீடு திரும்பினேன். நோயாளியும் வீட்டிலேயே தயாராக இருந்தாள்.

சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, மேலே 'நித்யா' என்று எழுதி, நடுவில் கோடு போட்டேன். எல்லாம் தமிழில். காரணம், நித்யாவுக்குத் தன் பெயரைத் தவிரத் தமிழில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. பிறந்தநாள் பரிசு, சொந்தக்காரர்கள் பற்றிய வம்பு என்று அவள் பார்க்கக்கூடாததை எல்லாம் நாங்கள் தமிழில் எழுதி நடுக்கூடத்திலேயே வைப்போம். புனேயில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பூட்டில்லாத பீரோ அதுதான்.

இடது பக்கம் மளமளவென்று வளர்ந்தது. முடியை ஒரு கண்ணை மறைத்து விட்டுக்கொள்கிறாள். கதவைச் சாத்திக்கொள்கிறாள். சயின்ஸில் மார்க் குறைவு. கேட்டால் 'குச் நஹி', ஒன்றுமில்லை, என்கிறாள். ஜூலையில் ஒன்பதாவது வரி வந்தது: செவ்வாய், வியாழன் ஒரு மணி நேரம் தாமதம், காரணம் சொல்வதில்லை. பதினாலாவது: புதிதாக ஒரு சிநேகிதி, எப்படிப்பட்ட குடும்பமோ. பதினேழாவதாக, எழுத வேறொன்றும் இல்லாததால், 'தமிழ் படிக்கத் தெரியாது' என்று எழுதினேன். வலது பக்கம் ஒரே வரி: 'பால் குடிக்கிறாள்.'

"போதாதா? குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கு" என்றார் என் கணவர்.

போதவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு லீவு போட்டேன். மழைக்காலம். அவருடைய டெப்போ ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, குல்லாயை மூக்குவரை இழுத்துவிட்டு சிக்ஸ் சீட்டரில் ஏறினேன். ஆறு பேருக்கான வண்டியில் பதினோராவது ஆளாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து டிரைவர், "காகா, புடே சரகா" என்றார். மாமா, கொஞ்சம் நகருங்கள் என்கிறார். வேஷம் இத்தனை பொருந்தியதில் எனக்குப் பெருமைதான். நகர்ந்து உட்கார்ந்தேன்.

நிக்டியில் பள்ளி விட்டதும் நித்யா இன்னொரு பெண்ணோடு இரண்டு தெரு நடந்து, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். நான் இரண்டு மாடி ஏறுவதற்குள் சிகரெட், காதல், போலீஸ் ஸ்டேஷன், மாமியார் கேட்கப்போகும் கேள்வி எல்லாவற்றையும் மனதில் பார்த்து முடித்துவிட்டேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே என் மகளின் குரல் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தது.

"த... மிழ்... ப... டிக்... கத்... தெரி... யாது."

சாப்பாட்டு மேஜையில் ஒரு நோட்டு. அதில் என் கையெழுத்து. கையெழுத்துகூட இல்லை, படிக்கத் தெரியாத ஒருத்தி, என் எழுத்தைச் சுழி சுழியாகப் படம் வரைந்து எடுத்திருந்தாள். பதினேழு வரியும் இருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே நின்றேன். அந்த வீட்டு அம்மா எழுந்தார். கோயம்புத்தூர்க்காரர், கணவருக்கு கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்று பின்னால் தெரிந்தது.

"வாங்க, நித்யா அம்மாதானுங்களே? உக்காருங்க" என்றவர், பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டினார். "பதினாலாவது எங்க பொண்ணுதானுங்க."

பூமி பிளந்தால் நன்றாக இருந்திருக்கும். ரெயின்கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர்தான் சொன்னார்: அலமாரியில் தன் பெயரைப் பார்த்ததிலிருந்து நித்யாவுக்குத் தூக்கமில்லையாம். தானே படித்துச் சொல்வதாக இவர் சொன்னாராம். வேண்டாம், நானே படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, வாரம் இரண்டு நாள் வந்து கற்றுக்கொண்டாளாம். அப்படியென்றால் அந்த ஒன்பதாவது வரியை உண்டாக்கியதே என் பட்டியல்தான்.

நித்யா நோட்டை மூடவில்லை. "இடது பக்கம் பதினேழு இருக்கு. நான் இவ்ளோ கராப், இவ்ளோ கெட்ட பொண்ணா, அம்மா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வலது பக்கம் பால் மட்டும்தான். எனக்குப் பால் பிடிக்கவே பிடிக்காது. நீ குடுக்கறியேன்னு குடிக்கிறேன்" என்றாள்.

அந்த வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்றுகூட யோசிக்காமல் அழுதேன். அந்த அம்மா டவலும் சுண்டலும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சியில் தந்த தாளைத் தேடியெடுத்து, முதல்முறையாகப் பின்பக்கம் திருப்பினேன். இது எந்தப் பிள்ளைக்கும் முத்திரை குத்துவதற்கு அல்ல, இடது பக்கம் நிறைந்த பிள்ளைகளும் நன்றாக வளர்வதுண்டு என்று இருந்தது. வலது பக்கம் என்பது கவனித்து எழுதுவதற்கு அல்ல, பெரியவர்கள் செய்து சேர்ப்பதற்கு என்றும் இருந்தது. பயமில்லாமல் போக ஒரு வீடு, குறுக்கே பேசாமல் கேட்க ஒரு பெரியவர், உன்னால் முடியும் என்று காட்டும் ஒரு வேலை. மூன்றையும் என் மகளுக்குச் சத்தமில்லாமல் செய்து கொடுத்தது என் பதினாலாவது வரி. எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மறுநாள் முதல் பாலை நிறுத்தினேன். செவ்வாய், வியாழன் என்ன ஆயிற்று என்று கேட்பதை விட்டு, அவள் சொல்லும்வரை காத்திருக்கப் பழகினேன். (வாயை மூடிக்கொண்டிருப்பது இத்தனை பெரிய உடற்பயிற்சி என்று அப்போதுதான் தெரிந்தது.) ஒரு வாரம் கழித்து அலமாரியைத் திறந்தால், வலது பக்கம் பாலை அடித்துவிட்டுக் கோணல் எழுத்தில் ஒரு வரி: 'அம்மா லீவு போட்டு என் பின்னாடி வந்தாங்க.' இரண்டு எழுத்துப்பிழை. திருத்த மனசு வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரைப் பற்றியும் குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரரோ புது ஹெட்மாஸ்டரோ, நான் ஆரம்பித்தால் போதும், பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர், "பால் குடிப்பாரா?" என்பார்.

பல வருஷம் கழித்து நித்யா ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது எனக்கு இடது பக்கம் தானாக நிரம்பியது. தாடி, நிரந்தரமில்லாத வேலை, மெல்லிய பேச்சு. அவர் முதல்முறை வீட்டுக்கு வந்தபோது, கை பழக்கத்தில் ஒரு டம்ளர் பால் கொண்டுபோய் நீட்டிவிட்டேன். அப்பாவும் மகளும் சிரித்த சிரிப்பில் அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். ஆனாலும் ஒரே மூச்சில் குடித்தார்.

அவருக்கும் பால் பிடிக்காதாம். நித்யா பிறகு சொன்னாள். நான் கொடுத்ததால் குடித்தாராம். உள்ளே போய் ஒரு தாளை எடுத்து, நடுவில் கோடு போட்டு, வலது பக்கம் முதல் வரியாக அதை எழுதினேன்.