அக்காவின் வலது காது

ஷூவுக்குக் காது கிடையாது. என் மானம் கப்பலேறியதற்கு இதுதான் மூல காரணம்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்தேன். போட்டோவில் உள்ள ஷூவை மட்டும் தனியே வெட்டியெடுத்து, கேட்லாக்குக்காக வெள்ளைப் பின்னணியில் ஒட்டுவது என் வேலை. ஓரமாகவே மவுஸால் புள்ளி வைத்துக்கொண்டு சுற்றி வர வேண்டும். நூல் பிசிறு, பசைத் துளி என்று எது துருத்திக்கொண்டிருந்தாலும் இரக்கமில்லாமல் கழித்துவிட வேண்டும். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. (செக்‌ஷனில் வேறு ஆளே இல்லை என்பது தனி விஷயம்.)

அந்தச் சமயத்தில்தான் அக்கா எஸ்தருக்கு வாணியம்பாடியிலிருந்து வரன் வந்தது. அக்கா வேலூரில் நர்ஸ். மாப்பிள்ளை டேவிட்டை ஒரு சர்ச் கூட்டத்தில் பார்த்திருக்கிறாள். வந்த வரனையெல்லாம் நொட்டை சொல்லித் தட்டிவிட்டவள், இந்த முறை வாயே திறக்காமல் வெட்கப்பட்டாள்.

"எப்டியாவது இது முடியணும்டா," என்றாள் அம்மா.

போட்டோ கேட்டார்கள். அக்கா சிரித்தபடி இருந்தது ஒரே ஒரு போட்டோவில். அதில் அவளுக்குப் பின்னால் பாத்ரூம் கதவு. கதவின்மேல் அப்பாவின் லுங்கி.

"இது ஒரு மேட்டரே இல்லம்மா. கட் பண்ணி ரோஜாத் தோட்டத்துல நிக்க வெச்சிட்றேன்," என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஆபீசிலேயே உட்கார்ந்தேன். தோளும் கழுத்தும் வழுவழுவென்று வந்தன. வலது கன்னத்தை ஒட்டி ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. கைப்பழக்கத்தில் கோட்டை உள்ளே இழுத்து நேராக்கிவிட்டேன். இடது பக்கம் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அவசரத்தில் கோட்டைத் தள்ளிப் போட்டதால் அந்தக் காது பிழைத்தது.

அக்கா டியூட்டியில் இருந்தாள். அம்மாவும் அப்பாவும் ரோஜாவை மட்டும் பார்த்தார்கள். "இன்னாடா இது, நெசத் தோட்டம் மாதிரியே கீது," என்று அப்பா பூரித்துப்போனார். போட்டோ வாணியம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

மாப்பிள்ளையின் அப்பா ஆசீர்வாதம் இன்னொரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் வைத்து, ஜோடி சேர்கிறதா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

பெண் பார்க்க வந்தார்கள். அக்கா காதை மூடித் தலை வாரியிருந்தாள். (அன்றைக்கு அதுதான் ஃபேஷன்.) ஆசீர்வாதம் கேசரியைத் தொடவில்லை. எழுந்து அக்காவின் வலது பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். அவர் மனைவி சங்கடத்தில் தன் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க," என்று சட்டைப் பையிலிருந்து போட்டோவை எடுத்தார். "லெஃப்ட் ஓகே. ரைட்ல பீஸ் மிஸ்ஸிங்."

போட்டோ கைமாறிக் கைமாறிப் போனது. பார்த்தவர்கள் எல்லோரும் அடுத்து என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். கடைசியாக அக்கா வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. அவள் ஆசைப்பட்ட ஒரே வரனை நானே கெடுத்துவிட்டேன்.

அக்கா காபித் தட்டைக் கீழே வைத்தாள். முடியை ஒதுக்கி வலது காதைக் காட்டினாள்.

"ரெண்டும் இருக்குது அங்கிள். நல்லாவே கேக்கும். என் தம்பிக்குத்தான் கண்ணு கம்மி."

டேவிட்டுக்குச் சிரிப்பில் கேசரி புரையேறிவிட்டது. ஆசீர்வாதம் மட்டும் சிரிக்காமல் காதை ஆராய்ந்துவிட்டு, "பாஸ்," என்றார்.

கல்யாணத்தன்று குடும்பப் படம் எடுக்க நான் கேமராவைத் தூக்கினேன். டேவிட் மாமா சட்டென்று இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டார். அக்காவும் பொத்தினாள். பிறகு இரண்டு வீட்டாரும், கடைசியில் பாஸ்டரும். இன்றுவரை நான் எடுத்த எல்லாப் படத்திலும் எங்கள் குடும்பம் அப்படித்தான் நிற்கிறது.

ஆல்பம் பார்ப்பவர்கள், "பக்கத்துல யாராச்சும் பட்டாசு வெச்சாங்களா?" என்று கேட்பார்கள்.

"இல்ல," என்பாள் அக்கா. "என் தம்பி கேமராவ எடுத்தான்."