சிலிக்கான் காய ஒரு மாதம்

அலுவலகத்தில் அவருக்குப் 'பார்க்கலாம் சார்' என்று பெயர். காப்பீட்டுப் பணம் கேட்டு வருகிறவர்களை அவர் ஒருநாளும் இல்லை என்று திருப்பி அனுப்பியதில்லை. பார்க்கலாம் என்பார். இன்னொரு சான்றிதழ் கேட்பார். அது வந்தால் அதற்கு ஒரு நகல் கேட்பார். இப்படி இழுத்தடித்த கோப்புகளில் பாதிக்கு, கடைசியில் கேட்டு வர ஆளே உயிரோடு இருக்கமாட்டார். அந்தப் பாதியைப் பற்றி அவர் அதிகம் நினைப்பதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். ஷவர் மூலையில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் தண்ணீர் கசியாமலிருக்கப் பூசியிருந்த சிலிக்கான் பசை பூஞ்சணம் பிடித்துக் கறுத்து, அங்கங்கே பிய்ந்து தொங்கியது. அந்தப் பக்கத்துச் சுவர் ஓதம் ஏறி ஊறிக்கொண்டிருந்தது. மாற்றுங்கள் என்று மனைவி சொல்லாத மாதமில்லை. பார்க்கலாம் என்று இவர் சொல்லாத மாதமுமில்லை.

அப்படிப்பட்டவர் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, கையில் சிலிக்கான் குழாயும் அதை அழுத்துகிற துப்பாக்கியுமாக வந்து நின்றால் எந்த மனைவிக்கும் சந்தேகம் வரும்.

"என்னங்க இது?"

"ஷவருக்கு. நீதானே சொல்லிட்டே இருந்தே."

"ரெண்டு வருஷமா சொன்னேன். இன்னிக்கு எப்படிக் காதுல விழுந்துச்சு?"

"விழும்போது விழும்."

விழுந்தது வேறு செய்தி. மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலற்றுப் போய்விட்டது. இனி அவர் தனியாக இருக்க முடியாது, வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு இருப்பது ஒரே மகள். மகள் வீட்டில் இருப்பது அந்த ஒரே ஷவர்.

பார்க்கலாம் சாருக்கு மாமனார்மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. பயம். அவருடைய அப்பாவும் இதே வீட்டில்தான் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்தார். அதே ஷவரில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தினம் குளிப்பாட்டியது மனைவி. தூக்கித் தூக்கி அவள் முதுகு போனது. இவர் துண்டைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே அப்பா அழுகிற சத்தம் கேட்டால் போய் டிவி சத்தத்தைக் கூட்டினார். இன்னொரு தடவை அப்படி ஒரு காலம் வந்தால் தாங்காது என்பது அவர் கட்சி. யாருக்குத் தாங்காது என்று அவர் யோசிக்கவில்லை.

ஆகவே திட்டம் போட்டார். ஷவரைப் பிரித்துப் போட்டுவிட்டால் குளிக்க இடமில்லை. குளிக்க இடமில்லாத வீட்டுக்கு நோயாளியைக் கொண்டுவர முடியாது. கொஞ்ச நாள் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கட்டும். இருந்து பழகிவிட்டால், அப்புறம் பார்க்கலாம்.

வேலையை மட்டும் நன்றாகவே செய்தார். பழைய சிலிக்கானைக் கத்தியால் கீறி நீளநீளமாக உரித்தெடுத்தார். ஒட்டியிருந்த மிச்சத்தைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, நடுவில் ஒரே சீராகப் புதிதைப் பூசி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் வழித்துவிட்டார். வீடெல்லாம் வினிகர் நாற்றம். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அழகா இருக்கே. எப்பக் குளிக்கலாம்?"

"ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா? ஷவருக்குப் பூசினீங்களா, அணைக்கட்டுக்கா?"

"மேல காஞ்ச மாதிரி தெரியும். உள்ள ஈரம் நிக்கும். அவசரப்பட்டா மொத்தமும் பிச்சுக்கும்."

"அப்ப அப்பா?"

"அதான் நானும் யோசிக்கிறேன். ஒரு மாசத்துக்கு நல்ல இல்லமா ஒண்ணு பாத்து..."

"பார்க்கலாம்," என்றாள் மனைவி.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. அப்போதாவது சுதாரித்திருக்க வேண்டும். அவரோ, ஒரே நாளில் காயும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த அந்தக் குழாயைப் பழைய துணியில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் புதைப்பதில் மும்முரமாக இருந்தார். கூடையைத் தினம் கொட்டுவது யார் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

பொய்யைக் காப்பாற்ற அந்த வாரம் முழுக்கப் பின்பக்கக் குழாயடியில் பச்சைத்தண்ணீரில் குளித்தார். சளி பிடித்து மூக்கு ஒழுகியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினால், வாசலில் ஒரு வாடகைக் கார். கூடத்தில் பெரிய பை ஒன்று, ஜிப் போட்டுத் தயாராக. மனைவி தன் அப்பா வீட்டோடு போய் இருக்கப்போகிறாள் என்று நினைத்தார். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"கிளம்பிட்டியா?"

"நான் எங்க கிளம்புறது? நீங்கதான் கிளம்பணும்."

"நானா?"

"இங்க ஒரு மாசம் தண்ணி படக்கூடாதுன்னீங்க. அப்பாவை அவர் வீட்டுல வச்சுத்தான் பாக்கணும். என் முதுகு உங்க அப்பாவோட போச்சு. தூக்குறதுக்கு நீங்கதான் இருக்கீங்க. உங்க மேனேஜர்கிட்டயும் பேசிட்டேன். ஒரு மாசம் லீவு."

"அவர் குடுத்துட்டாரா?"

"சந்தோஷமாக் குடுத்தார்."

"அங்க குளியலறை மாடியில இருக்கே."

"ஆமா. தினம் தூக்கிட்டு ஏறணும். தூக்கிட்டு இறங்கணும்."

அவர் வாசலைப் பார்த்தார். காரின் பின் ஸீட்டில் மாமனார் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தார். மருமகனைக் கண்டு சிரிக்கப் பார்த்தார். பாதி வாய்தான் சிரித்தது. மறுபாதியில் வழிந்த எச்சிலைத் துடைக்கக் கை எழவில்லை. அந்த வீடு, அந்தப் படிகள், இந்த மனிதர், துணைக்கு ஆள் இல்லாமல் ஒரு மாதம். ஓடிப்போய் ஷவர் மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"காஞ்சிடுச்சு."

"உள்ள ஈரம் நிக்கும்னீங்க?"

"இல்ல, நல்லாவே காஞ்சிடுச்சு. மாமா இங்கேயே இருக்கட்டும்."

"பிச்சுக்கிச்சுன்னா?"

"பிச்சுக்காது. நான் பொறுப்பு."

"யாரு குளிப்பாட்டுவா?"

கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

"நான்தான்."

"தினமுமா?"

"தினமும்."

"கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டா, உள்ள நின்னுக்கிட்டா?"

மனைவி முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் தரையைப் பார்த்தார்.

"உள்ள."

"சரி. நான் போய் அப்பாவை இறக்கிவிடக் கார்க்காரர்கிட்ட சொல்றேன். நீங்க பையைப் பிரிச்சு அடுக்குங்க."

தன் சட்டைகளை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டால் தப்பித்தோம் என்று அவர் ஜிப்பைத் திறந்தார். உள்ளே இருந்ததெல்லாம் மாமனாரின் துணிகள்.