வாய் திறக்காத மிக்சர்

கம்ப்யூட்டரில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் ஒரு முனகல்கூட இல்லை.

ஒயர்மேன் பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட விட்டார். அப்போதும் கல்லுளிமங்கன் மாதிரிதான் இருந்தது.

"என்னய்யா, ஆச்சா?" மேனேஜர் ஹால் வாசலில் நின்றபடி கேட்டார்.

"மைக் பேசுது சார். கம்ப்யூட்டர்தான் பேச மாட்டேங்குது."

"பெரிய மேஸ்திரி இரங்கல் கூட்டத்துக்கு ஆளுங்க வர ஆரம்பிச்சாச்சு. போன மாசம் முதலாளி பேசறப்ப மைக் செத்துச்சு. இன்னிக்கும் மானம் போச்சுன்னா, நீ பழையபடி கிடங்குல மூட்டை தூக்கப் போயிடு."

அதைக் கேட்டதுமே ஒயர்மேனுக்கு இடுப்பு வலித்தது.

"வேற ஏதாவது பாட்டு போட்டுப் பார்க்கட்டுமா சார்?"

"எழவு கேக்க வந்தவன் முன்னாடி டூயட் போடுவியா? அவரு மக குடுத்தது இது ஒண்ணுதான். இதையே போடு."

பதிவுக்கு 'அப்பா' என்று மட்டும் பெயர் இருந்தது. மேஸ்திரி எப்போதோ பேசிய பேச்சாக இருக்கும் என்று இருவரும் நினைத்தார்கள்.

மைக், கம்ப்யூட்டர் ஒலியெல்லாம் சேர்ந்து ஸ்பீக்கருக்குப் போகும் பெட்டிதான் மிக்சர். கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள். ஒலி அந்தக் கேபிள் வழியாகத்தான் வர வேண்டும். மாட்டிய இடத்தில் பச்சை விளக்கு மினுக்கியது. மினுக்கினால் ஒயரில் உயிர் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உயிர் இருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை. இது என்ன கணக்கு என்று அவருக்குப் புரியவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று, பக்கத்து ஆபீஸில் சும்மா கிடப்பதுபோல் தெரிந்த கேபிளைப் பிடுங்கி வந்து மாட்டினார். ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை. டைப்பிஸ்ட் அக்கா திறந்தாள்.

"யாரு நெட்டைப் பிடுங்கினது? சம்பள ஷீட் பாதியில நிக்குது."

"கொஞ்சம் பொறுத்துக்குங்க அக்கா."

"நான் பொறுத்துப்பேன். உங்க வீட்டுல பொறுத்துப்பாங்களா?"

கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரேடியோ கடை வைத்திருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார்.

"மிக்சர் பின்னாடி சின்னதா ஒரு ஓட்டை இருக்கும் மாப்ள. குச்சிய விட்டு அமுக்கு. எல்லாம் புதுசா ஆரம்பிக்கும்."

அமுக்கினார். போட்டு வைத்த செட்டிங் அத்தனையும் அழிந்தது.

"இப்ப மைக்கும் ஊமையாயிடுச்சு மச்சான்."

"ரெண்டும் ஒண்ணா ஆயிடுச்சுல்ல, பாதி வேலை முடிஞ்சுது." போன் கட்டானது.

நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ஒயர்மேன் மேடையில் மேசைக்கு அடியில், கழற்றிய ஒயர்களுக்கு நடுவே, எதை எங்கிருந்து எடுத்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் தலைக்கு மேல் நின்று பல்லைக் கடித்தார்.

மேஸ்திரியின் மகள் மேடையேறி வந்தாள்.

"என்னண்ணே, எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

"மன்னிச்சுக்கம்மா. உங்கப்பா பதிவைக் காலையிலேர்ந்து போட்டுப் பார்க்கறேன். சத்தமே வரல."

"முழுசா ஓட விட்டீங்களா?"

"சத்தம் வந்தாத்தானேம்மா முழுசா ஓட விடறது?"

அவள் அவரைப் பார்த்தாள். மேனேஜரையும் பார்த்தாள்.

"அண்ணே, அது மௌன அஞ்சலிக்குப் பண்ணது. ரெண்டு நிமிஷம் சத்தமே இருக்காது. எழுந்து நிக்கறவங்க வாட்சைப் பார்க்க வேணாமேன்னு கடைசியில ஒரு மணி மட்டும் அடிக்கும்."