எண்ணெய் தடவாமல் அறுத்த பலா

என் பெயர் போட்டு அச்சான முதல் கட்டுரையில் உண்மையாக இருந்தவை இரண்டே. ஒன்று, கொல்லிமலை என்ற பெயர். மற்றது, என் பெயர். மிச்சத்தையெல்லாம் சேலத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே விளைவித்தேன்.

வெள்ளைக்காரர் ஆட்சிக்காலம். அங்கே ஒரு வாரப் பத்திரிகையில் நான் பிழை திருத்துபவன். ‘ஞாயிறு உல்லாசம்’ பகுதிக்கு எழுதுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட, ஆசிரியரின் பார்வை என்மேல் விழுந்தது.

“நீ சேந்தமங்கலத்துக்காரன்தானே? கொல்லிமலையைப் பத்தி எழுது.”

பிறந்ததிலிருந்து வாசலில் நின்றபடி அந்த மலையைப் பார்த்திருக்கிறேன். ஏறியதில்லை. (எதற்கு ஏறவேண்டும்? பலாப்பழம்தான் சந்தைக்கு இறங்கி வந்துவிடுகிறதே.) எழுத எழுத வேகம் பிடித்துக்கொண்டது. பாதையில் மூன்று ஊற்றுகள் வைத்தேன். திருப்பத்தில் ஒரு மயிலை நிறுத்தினேன். கடைசியில் பலாப்பழத்துக்கு வந்தேன். எங்கள் வீட்டில் அம்மா புறக்கடையில் அறுத்து, சுளையாகத்தான் தட்டில் தருவார். அதில் எப்போதும் விளக்கெண்ணெய் வாடை அடிக்கும். அந்தக் கோபத்தில் எழுதினேன்: ‘கைக்கு எண்ணெய் தடவி அறுப்பது கீழ்நாட்டார் வழக்கம். மலைமக்கள் வெறுங்கையால்தான் அறுப்பார்கள், மணம் கெடாது.’

பத்திரிகை நாமக்கல்லுக்குப் போயிற்று. அங்கே என் தாய்மாமா இருந்தார். சர்வே இலாகாவில் சங்கிலி பிடித்து நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மீசை அவருக்கு இரண்டு விநாடி முன்னதாகவே வீட்டுக்குள் நுழையும். அவர் மகள் பாவாயியை எனக்குக் கேட்டு ஆறு மாதமாகியும், “பாக்கலாம்” என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. இப்போது ஆளே வந்தார்.

“படிச்சனுங்க மாப்ளெ. வார ஞாயித்துக்கெழமை நம்மளை அங்க கூட்டிட்டுப் போங்க. புள்ளையும் வரட்டும். எறங்கி வந்து முடிவு சொல்றேன்.”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மலை எனக்குத் தெரியாது என்பதே மறந்துபோயிற்று.

அடிவாரத்துக் காரவள்ளியில் வண்டியை நிறுத்தி, விடியும்போது ஏறத் தொடங்கினோம். என்ன மலை! தோளைத் தொடும் பனி, மரமெல்லாம் சுற்றி ஏறும் மிளகுக்கொடி, திரும்புமிடமெல்லாம் கீழே சின்னதாகிக்கொண்டே போகும் எங்கள் ஊர். இதை விட்டுவிட்டா நாற்காலியில் உட்கார்ந்து மயில் வளர்த்தேன் என்று வெட்கமாக இருந்தது. மாமா சட்டைப்பையிலிருந்து கட்டுரையை எடுத்தார். வெட்டி, நாலாய் மடித்து வைத்திருந்தார்.

“மூணு ஊத்துன்னு போட்டிருக்கீங்க. ஒண்ணுதானே வந்துச்சு?”

“கோடையில் வற்றிவிடுமுங்க, மாமா.”

“மயிலும் வத்திருச்சுங்களா?” என்றாள் பின்னால் வந்த பாவாயி.

மலைமேல் வாசலூர்பட்டியில் ஒரு விவசாயி வீட்டில் சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். மாமா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, மூன்று முறையும் மீசையை முறுக்கினார். (மகிழ்ச்சி வந்தால் அவர் கை தானாக அங்கே போகும். இதை நான் அப்போதே குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.) பிறகு மரத்தடியில் பலாப்பழம் வந்தது. ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது. வீட்டுக்காரம்மா சின்னக் கிண்ணத்தை நீட்டினார்.

“ஏனுங்க, கையிக்கு எண்ணெ வெச்சுக்குங்க.”

நான் வாய் திறக்குமுன் மாமா கட்டுரையை விரித்து உரக்கப் படித்தார். “மலைமக்கள் வெறுங்கையால்தான் அறுப்பார்கள்.”

அந்தம்மா என்னைப் பார்த்தார். “எந்த மலைங்க சாமி?”

அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். பாவாயி எதிரில் இருந்தாள். அரிவாளை எடுத்து ஓங்கிப் போட்டேன்.

வாசனை வந்தது. கூடவே பாலும் வந்தது. சற்று நேரத்தில் அரிவாள் என் கையோடு ஒட்டிக்கொண்டது. மாமா அதைக் கவனிக்கவில்லை. இரண்டு கையாலும் பழத்தைப் பிளந்து, ஒரு சுளையை வாயில் போட்டு, கண்ணை மூடினார். “ஆகா!” என்றார். வலக்கை மீசைக்குப் போனது. திரும்பி வரவில்லை. விடுவிக்க இடக்கை போனது. அதுவும் வரவில்லை. நாதஸ்வரம் இல்லாமல் நாதஸ்வரம் வாசிப்பவர்போல நின்றார். இனிப்புக்கு ஈக்கள் வந்து கச்சேரி கேட்டன.

நான் செம்புத் தண்ணீரை எடுத்து அவர் முகத்தில் ஊற்றினேன்.

“அய்யோ, தண்ணி ஊத்தாதீங்க! இன்னும் கெட்டியாயிருமுங்க” என்று அந்தம்மா எண்ணெய்க் கிண்ணத்துக்கு ஓடினார். அதில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். திரும்பிப் பார்த்தால், பாவாயி முழங்கை வரை பளபளக்க உட்கார்ந்து பன்னிரண்டாவது சுளையை உரித்துக்கொண்டிருந்தாள்.

“நீ எப்ப எண்ணெ வெச்ச?” என்று மாமா மீசைக்குள்ளிருந்து கேட்டார்.

“நீங்க படிச்சிட்டிருந்தப்பங்க.”

“ஊட்டுல இருக்கற எண்ணெ இவ்வளவுதானுங்க. கைக்கா, மீசைக்கா?” என்றார் அந்தம்மா.

மாமா கண் கலங்க என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “மாமா, எனக்குப் பலாப்பழம் அறுத்துப் பழக்கமே இல்லீங்க. இந்த மலைக்கு வந்ததும் இன்னைக்குத்தானுங்க.”

கடைசியில் பாவாயிதான் தீர்ப்புச் சொன்னாள். “கையில்லாம மலை எறங்க முடியாதுங்கப்பா. மீசையில்லாம எறங்கலாம்.”

எண்ணெய் கைக்குப் போயிற்று. மீசை, அந்த வீட்டுக்காரர் மிளகுக்கொடி கழிக்கும் சின்னக் கத்திக்குப் போயிற்று.

இறங்கும் வழி முழுக்க மாமா என் பக்கம் திரும்பாமல், வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டே நடந்தார். என் கல்யாணம் ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டு பள்ளத்தில் விழுவது எனக்குக் கேட்டது. அடிவாரத்து ஓடையில் குனிந்து தம் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“மாப்ளெ.”

“சொல்லுங்க மாமா.”

“கடைசியிலயாவது நெசத்தைச் சொன்னீங்க. இது வளந்ததுக்கப்புறந்தான் கல்யாணம். மீசையில்லாம நான் மணவறைக்கு வரமாட்டேன்.”

அவர் சம்மதம் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே சற்று நேரமாயிற்று. பாவாயிக்கு உடனே உறைத்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்கு ஓடினாள். சிரிக்கத்தான்.

அதன்பின் முப்பது வருஷம் பத்திரிகைத் தொழிலில் இருந்தேன். எதை எழுதினாலும் முதலில் பாவாயியிடம்தான் போகும். அவள் படிக்குமுன் கேட்பது ஒரே கேள்வி: “எண்ணெ தடவியாச்சுங்களா?” நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று அர்த்தம். இப்போது பேரன் பேத்திகளும் யார் எந்தக் கதை அளந்தாலும் அதையே கேட்கிறார்கள்.

இந்தக் கட்டுரையையும் கொடுத்தேன். படித்து முடித்து ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

“பன்னெண்டு இல்லீங்க. அது பதினெட்டாவது சுளை.”

திருத்திக்கொள்கிறேன்: பதினெட்டு.