மாப்பிள்ளை விசாரிக்கப் போன வைத்தியர்

சிறுவாணித் தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்ல ஆரம்பிக்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் என் தொண்டையில் இறங்காமல் போகட்டும். கோயமுத்தூர்க்காரன் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது.

உக்கடத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அப்துல் குத்தூஸ், பொள்ளாச்சியிலிருந்து திரும்பி வந்தபோது முகம் பழைய தலையணை மாதிரி அமுங்கிக் கிடந்தது.

"ஏனுங்க, பையனப் பத்தி விசாரிச்சீங்களா?" என்றாள் மனைவி சாஜிதா பேகம்.

"டீக்கடையில கேட்டேன், சலூன்ல கேட்டேன், பள்ளிவாசல்ல கேட்டேன். அஃபானா, அவன எங்கீங்க நாங்க பாக்கறோம்ங்கறாங்க. அந்த ஊட்டுல எந்நேரமும் 'ஏழு கோட்டை'தானாம்."

"அது எந்தப் பக்கமுங்க? ஆனைமலை தாண்டியா?"

"போனுக்குள்ள."

சாஜிதா பேகம் போனைப் புரட்டி, பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

மகள் நிலோஃபருக்கு வந்த சம்பந்தம் அது. ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் பதில் கேட்டு வருகிறார்கள். நிலோஃபருக்குப் பையனின் படிப்பு, வேலை, மூக்கு எல்லாம் பிடித்திருந்தது. தன் அத்தா குத்தூசிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கோவக்காரரா இருந்தா மட்டும் வேண்டாங்கத்தா. ஆபீஸ்ல ஒரு கோவக்கார மேனேஜர வச்சுட்டு மாரடிக்கறேன். ஊட்டுலயும் ஒண்ணு தாங்காது."

குத்தூஸ் யோசித்தார். அந்தியூர்க் குதிரை வேண்டுமென்றால் அந்தியூர்ச் சந்தைக்குத்தான் போக வேண்டும். பையன் எங்கே குடியிருக்கிறானோ அங்கே போய்த்தானே விசாரிக்க முடியும்?

"நான் ஏழு கோட்டைக்குப் போறேன் கண்ணு," என்றார். "சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன்."

பக்கத்துக் கடை சுரேந்தர் செல்போன் பழுதுபார்ப்பவர். குத்தூசின் போனை வாங்கி விளையாட்டை ஏற்றிக்கொண்டே சொன்னார்: "பாய், உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் எடுக்கோணுங்க. அதாவது, உள்ள நீங்க என்ன தொழில்ங்கறது."

"மெத்தைத் தொழில்னு போடுங்க தம்பி."

"மெத்தை இல்லீங்க பாய். மந்திரவாதி ஆகறீங்களா?"

"ஜமாத்துல தெரிஞ்சா என்னங்க ஆகறது?"

"வில்லாளி?"

"கண்ணுல பொரை இருக்குது. உடற அம்பு மாப்பிள்ள மேல பட்டுப்போட்டா?"

"திருடன்?"

"பொண்ணு குடுக்கப் போறவன் திருடனாவா போறது? நாளைக்கு சம்பந்தி ஊட்டுல என்ன நினைப்பாங்க?"

"அப்ப வீரன்தானுங்க. புதுசா வர்றவங்களுக்கு இதுதான் சுலபம்னு கீழ எழுதியே இருக்குது. கத்தியும் கேடயமும் குடுத்துருவாங்க. முன்னாடி போயி நின்னு அடி வாங்கோணும்."

"அடி வாங்கறதா சுலபம்?"

"யோசிக்க வேண்டியதில்லீங்களே பாய்."

இப்படியாக, கடையில் பார்வைக்குப் போட்டிருந்த இலவம்பஞ்சு மெத்தையில் சாய்ந்தபடி அப்துல் குத்தூஸ் வீரனானார். போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும்படி சுரேந்தர் செய்து கொடுத்தார்.

கோட்டை வாசலில் ஈட்டியோடு ஒரு காவலாளி நின்றான்.

"ஏனுங்க தம்பி, இங்க அஃபான்னு ஒரு பையன், பொள்ளாச்சிக்காரரு. ஆளு எப்படீங்க?"

"வடக்கே போகாதே, வீரனே! அங்கே இருள் சூழ்ந்திருக்கிறது!"

"அது இருக்கட்டுங்க. பையன் கோவப்படுவாரா?"

"வடக்கே போகாதே, வீரனே!"

அடுத்து சத்திரக்காரம்மாளிடம் கேட்டார். அவள், "என் வாளியைக் கண்டீரா, வீரனே?" என்றாள். எத்தனை தரம் கேட்டாலும் வாளியைத்தான் சொன்னாள்.

குத்தூஸ் மெத்தையிலிருந்து எழுந்து சுரேந்தரிடம் ஓடினார். "தம்பி, ஒருத்தரும் நேரா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. மழுப்பறாங்க."

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பொம்மைங்க பாய். எதக் கேட்டாலும் அதையேதான் சொல்லும்."

"எத்தன மாப்பிள்ளைக்கு நான் விசாரிக்கப் போயிருக்கேன், எனக்குத் தெரியாதா? விசயம் இருக்கறவன்தான் பேச்ச மாத்துவான். அந்தம்மா வாளியவே ஏன் கேக்குது? நம்ம பையன் எடுத்துட்டுப் போயித் திருப்பித் தரலயோ?"

வீட்டில் இது பெரிய விவகாரமாகிவிட்டது. "வாளிக்கே இப்படீன்னா நாளைக்கு நம்ம புள்ளையோட நகைநட்டு என்னங்க ஆகும்?" என்று சாஜிதா பேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாளிய உடுங்கத்தா," என்றாள் நிலோஃபர். "கோவத்தப் பாருங்க."

கோபத்தைப் பார்க்க வேண்டுமானால் கூட இருந்துதான் பார்க்க வேண்டும். சுரேந்தர் தேடிப்பிடித்து, குத்தூசை அஃபானின் குழுவிலேயே சேர்த்துவிட்டார். கறுப்புக் கவசமும் ஆளுயர வாளுமாக, தலைக்கு மேலே 'அஃபான்' என்று பெயர் மின்ன, மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். கூட ஒரு மந்திரவாதி, ஒரு வில்லாளி. நால்வரும் ஒரு குகைக்குப் போனார்கள். உள்ளே ஒரு பூதம்.

வீரன் முதலில் போக வேண்டும் என்பது அங்கே விதி. ஆனால் நம் பக்கத்தில் எந்த வாசலிலும் யாரும் முதலில் நுழைவதில்லை. குத்தூஸ் குகை வாசலில் ஒதுங்கி நின்று, "நீங்க மொதல்ல போங்க," என்றார்.

இது ஏதோ போர்த் தந்திரம் என்று நினைத்து வில்லாளி போனான். செத்தான். "அட, நீங்களும் போங்க, கூச்சப்படாதீங்க," என்றதும் மந்திரவாதி போனான். அவனும் செத்தான். கடைசியாக அஃபான் போய் நெடுநேரம் போராடி மாண்டார்.

"ரொம்பச் சங்கடமாப் போச்சுங்க," என்றார் குத்தூஸ்.

அஃபானிடமிருந்து ஒரே சொல் வந்தது: "பரவாயில்லை."

குத்தூஸ் வீட்டுக்கு ஓடினார். "செத்துப்போயிங்கூட ஒரு சொல்லு கடுசாப் பேசலீங்க!"

"ஒருதரந்தானுங்களே? ஒருதரம் நானே பொறுத்துக்குவேன்," என்றாள் நிலோஃபர்.

மறுபடி சோதிக்கலாமென்றால், வில்லாளியும் மந்திரவாதியும் இந்த வீரனோடு இனி வர மாட்டோம் என்றார்கள். குத்தூஸ் மீண்டும் சுரேந்தரிடம் போனார்.

"தொழில மாத்திரலாமுங்க பாய். வைத்தியர் ஆயிருங்க. முன்னாடி போக வேண்டியதே இல்ல. பின்னாடி நின்னு, யாருக்கு அடிபட்டிருக்குதோ அவங்க மேல விரல வச்சு அழுத்துனாப் போதும். புதுசா வர்றவங்களுக்கு இதவிடச் சுலபம் கெடையாது."

வெள்ளை அங்கியும் கைத்தடியுமாக வைத்தியர் குத்தூஸ் குகைக்குப் போனார். அன்று குழு வெறியோடு சண்டை போட்டது. பூதம் முட்டி போட்டு, நெற்றியில் ரத்தம் வழிய, மூச்சு வாங்கியது. இன்னும் ஒரே வெட்டு. அஃபான் வாளை ஓங்கினார்.

குத்தூஸ் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். இருப்பதிலேயே அதிகம் அடிபட்டிருந்தது பூதம்தான். அதன் மேல் விரலை வைத்து அழுத்தினார்.

பூதம் எழுந்தது. தன் கைகளை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டது. பிறகு மூவரையும் கொன்றது.

வில்லாளியும் மந்திரவாதியும் எழுதிய வசவுகளை விளையாட்டே வெட்கப்பட்டு நட்சத்திரக் குறிகளாக மாற்றிக் காட்டியது. அஃபான் மட்டும், "பரவாயில்லை," என்றார்.

குத்தூஸ் தினமும் மத்தியானம் போனார். தினமும் பூதத்துக்கு வைத்தியம் பார்த்தார். நேரில் பார்த்த ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது இவர் யார், அவர் யார் என்று கேட்டு மருந்து போடும் பழக்கம் அவர் குடும்பத்திலேயே இல்லை. நாளாக ஆக அந்தப் பூதம் வீட்டுக் கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் குகை வாசலில் வந்து அவருக்காகக் காத்திருக்கும். கொரியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் பெரிய பெரிய வீரர்கள் அதைக் கொல்ல வந்து, அதன் உடல் ஆரோக்கியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அது உறுமும்போது கடைசியில் லேசாக ஒரு 'ங்க' கேட்கும். குத்தூஸ் சொன்னபோது நானும் நம்பவில்லை. அப்புறம் போனைக் காதில் வைத்துக் கேட்டேன். கேட்டது.

சனிக்கிழமை நிலோஃபர், "கடைசியா ஒரு சோதனை வச்சுப் பாருங்கத்தா," என்றாள். அன்று அஃபான் தன் ஆளுயர வாளை வைத்தியரிடம், கொஞ்சம் பிடியுங்கள் என்பதுபோல் நீட்டினார். குத்தூஸ் அதை வாங்கிப் பூதத்திடம் கொடுத்தார்.

"பாவம், வெறுங்கையோட நின்னுட்டிருந்துதுங்க," என்றார்.

குத்தூஸ் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"பரவாயில்லை."

"தங்கம்!" என்று மெத்தையில் குத்தினார் குத்தூஸ். பஞ்சு பறந்தது.

ஞாயிற்றுக்கிழமை அஃபானும் அவன் தாய் ஆமினா பீவியும் வந்தார்கள். டீயும் மிக்சரும் வைத்தபின் குத்தூஸ் தொண்டையைச் செருமினார்.

"எனக்குச் சம்மதமுங்க. பையனோட பொறுமைய என் கண்ணால பாத்துட்டேன். மாப்பிள்ள, ஏழு கோட்டையில வர்ற அந்த வைத்தியன் நான்தானுங்க!"

அஃபான் விழித்தான். "நான் எங்கீங்க மாமா அங்க வந்தேன்? நான் அத ஆடறத உட்டே ரொம்ப நாளாச்சுங்களே. வேலைக்கு வெளியூர் போனதுல இருந்து, அம்மாதான் என் பேர்ல ஆடிட்டிருக்கறாங்க."

ஆமினா பீவி டீ கிளாசும் கையுமாக மெதுவாக எழுந்தாள்.

"நீங்கதானா அது?"

"நீங்கதானுங்களா தங்கச்சி, தெனமும் பரவாயில்லைன்னு சொன்னது? என்னா பொறுமை!"

"எனக்கு டைப் பண்ணத் தெரியாதுங்கண்ணா. அந்த விளையாட்டுல ரெடியா வச்சிருக்கற ஒரே ஒரு பட்டன்தான் எனக்கு அமுத்தத் தெரியும். வாயில நான் சொன்னதெல்லாம் உங்குளுக்குக் கேட்டிருக்காது. இப்பச் சொல்றேன், கேளுங்க!"

சொன்னாள். மரியாதை குறையாமல், ஒவ்வொரு வசவுக்கும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் சொன்னாள். உக்கடம் மேம்பாலத்தில் பஸ்கள் நின்றன. வாலாங்குளத்து நாரைகள் மொத்தமாக எழுந்து சிங்காநல்லூர்க் குளத்துக்குக் குடிபோயின. இன்னும் திரும்பவில்லை. குத்தூஸ் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். பொறுமையைப் பார்த்துச் சம்மதம் சொன்ன வாய் திறந்தபடியே இருந்தது.

அஃபான் மட்டும் அவசரப்படாமல் தாயின் கையிலிருந்த டீ கிளாசை வாங்கி ஓரமாக வைத்தான். மிக்சர் தட்டை நகர்த்தினான். மூச்சு விடும் இடைவெளியில் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் கையில் கொடுத்தான். பிறகு நிலோஃபர் பக்கம் திரும்பினான்.

"இன்னுங் கொஞ்ச நேரந்தானுங்க. பூதம் முடிஞ்சுது. இனி வாளு மட்டுந்தான் பாக்கி."

"தெனமும் இப்படித்தானுங்களா?" என்றாள் நிலோஃபர்.

"லீவுக்கு ஊருக்குப் போனா, தெனமுங்க."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தண்ணி எடுத்துக் குடுப்பேனுங்க. கத்துனா தொண்டை காஞ்சு போகுமில்லீங்களா?"

நிலோஃபர் சுவரோரம் நின்ற குத்தூஸ் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அத்தா, எனக்குச் சம்மதம்."

நிக்காஹ் சிறப்பாக நடந்தது. பூதத்துக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். விருந்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தது. இரண்டாம் தரம் பிரியாணி கேட்கக் கூச்சப்பட்டது, நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அப்துல் குத்தூசுக்கு மொத்தம் மூன்று பிள்ளைகள். மூன்றும் பையன்கள். சொம்புத் தண்ணீரை நான் இன்னும் குடிக்கவில்லை.