பருவு போகும் தராசு

திருப்பதியில் மொட்டை போட ஒரு வரிசை, லட்டு வாங்க ஒரு வரிசை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மூன்றாவதாக ஒன்று கிளம்பியது. மலைமேல் அல்ல, கீழே, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டில். அங்கே நாகபூஷணம் என்கிற தராசு சாமி, மனிதர்களின் கொழுப்பை மந்திரத்தால் கரைத்துக்கொண்டிருந்தார். முன்பு லாரிகளுக்கு எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கட்டியவர்தான். ஊருக்குள் குவைத் பணம் வந்தது, பணத்தின் பின்னாலேயே தொப்பை வந்தது, சாமியும் காலத்துக்கேற்ற தொழிலுக்கு மாறிக்கொண்டார்.

வாசலில் தமிழ் யாத்திரிகர்களுக்காகத் தமிழ் எழுத்தில் ஒரு பலகை: ‘இங்கே பருவு போகும்.’ தெலுங்கில் எடைக்கும் பருவு, மானத்துக்கும் பருவு. வாயால் சொன்னால் முதல் எழுத்தில் வித்தியாசம் தெரியும். தமிழில் எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். எது போகும் என்று பலகை சொல்லவில்லை, கூட்டமும் கேட்கவில்லை.

அந்த வரிசையில் சித்தூர்ப் பக்கத்துக் கல்பனா விடிந்ததுமே வந்து நின்றுவிட்டாள். நூற்றுப்பத்துக் கிலோ இருந்தவள். ஒரு வருஷம் நடையாய் நடந்து, வாயைக் கட்டி, எண்பத்தெட்டுக்கு வந்திருந்தாள். எடை குறைந்தது, தோல் மட்டும் குறைய மாட்டேன் என்றது. வயிற்றில் காலிப் பை மாதிரி தொங்கியது. அதை வெட்டித் தைக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தாள். எழுபத்தைந்துக்கு இறங்கு, அதே எடையில் ஆறு மாசம் நில், பிறகு வா. இப்போதே வெட்டினால் மேலும் இளைக்கும்போது மறுபடி தொங்கும், மறுபடி கத்தி படவேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

ஆனால் கணவன் முனிகிருஷ்ணன் அடுத்த மாசமே குவைத்திலிருந்து லீவில் வருகிறான். நாலு வருஷமாக அவனுக்குக் கழுத்துக்கு மேலே மட்டும்தான் போட்டோ அனுப்பியிருக்கிறாள். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

சாமிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

“நமக்கு ஆறு மாசம் உத்தராயணம். அது தேவர்களுக்கு ஒரு பகல். என் தராசு தேவலோகத்துக் கணக்கும்மா. இன்னைக்கு ஒரு பகல் இங்க உக்காரு, டாக்டர் சொன்ன ஆறு மாசம் முடிஞ்சுபோச்சு” என்றார். வெள்ளிக்கிழமை காலை கத்தி முகூர்த்தம் என்றும் குறித்தார். கத்தி, சாமிக்கு வேண்டப்பட்ட அழகு ஆஸ்பத்திரியில். ஒவ்வொரு வயிற்றுக்கும் அவருக்கு அங்கே பங்கு உண்டு என்பது தேவலோக ரகசியம்.

சாமிக்கு ஞானதிருஷ்டி என்றார்கள். அந்த ஞானதிருஷ்டிக்கும் ஒரு சீட்டு வேண்டியிருந்தது. எவ்வளவு எடைக்கு வரவேண்டும் என்று மருமகன் கிரண்குமார் வாசலிலேயே கேட்டு எழுதிக்கொள்வான். கல்பனா ஏறினாள், எண்பத்தெட்டு. மணி அடித்தது, புகை எழுந்தது, மறுபடி ஏறினாள். எழுபத்தைந்து! கூட்டம் கோவிந்தா போட்டது, கல்பனா தேம்பினாள்.

துணைக்கு வந்த அக்கா பொன்னியம்மாவுக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. கூலிக்காரியாக இருந்து மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவள். மண்டித் தராசில் ஒருமுறை ஏமாந்து, டன் கணக்கில் பழத்தைப் பறிகொடுத்தவள்.

“பதிமூணு கிலோ போச்சே, பாவாட நாடா தளர்ந்துச்சாடி?” என்றாள் காதோடு.

கல்பனா தடவிப் பார்த்தாள். தளரவில்லை. ஆனால் நம்பவேண்டும் என்று தவித்த மனசு நாடாவின் பேச்சைக் கேட்குமா? “சும்மா இருக்கா, சாமி காதுல வுழப்போவுது” என்றாள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவர்கள் துணிமூட்டையை நிறுத்தாலே பலன் உண்டு என்பது சாமியின் சலுகை. பொன்னியம்மா ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்த, முனிகிருஷ்ணனின் பழைய லுங்கியில் கட்டிய மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தாள். குவைத்து ஆளுக்கு அஞ்சு கிலோ குறைந்தால் போதும் என்று சீட்டில் எழுதவைத்தாள். இருபது காட்டியது. மணி, புகை. பதினைந்து காட்டியது. மறுபடி கோவிந்தா.

பொன்னியம்மா முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே, மண்டிக்குப் போகும்போதெல்லாம் அவள் கையோடு கொண்டுபோகும் எடைக்கல். சர்க்கார் முத்திரை குத்திய இருபது கிலோ இரும்பு.

“இது துன்றதும் இல்ல, நடக்கறதும் இல்ல. இது எப்படி சாமி அஞ்சு கிலோ எளச்சுது?”

இரும்பு சனியின் உலோகம், சனி இறங்கிவிட்டார் என்று சாமி ஆரம்பித்தார். அதற்குள் பொன்னியம்மா, தராசருகே நின்ற கிரண்குமாரின் மேல்துண்டைப் பிடித்து இழுத்தாள். துண்டுக்குள் மறைத்துத் தராசின் எண்ணை ஏற்றி இறக்கிய ரிமோட் தரையில் விழுந்தது. வரிசையிலிருந்த மாங்காய்க்காரர் ஒருவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இதி மா மண்டி ரிமோட்டே கதா!” என்றார். எங்கள் மண்டியில் இருப்பதும் இதுதானே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

கல்பனா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தராசில் ஏறினாள். எண்பத்தெட்டு. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை தன் வயிற்றைக் கத்திக்குக் கொடுத்திருப்போமே என்று நினைத்தாள். “இந்த எண்பத்தெட்டு நான் நடந்து எறக்குனது. அதுக்குக் கீழ எவனும் மணியடிச்சு எறக்கவேணாம்” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

முனிகிருஷ்ணன் வந்தபோது ஏர்போர்ட்டில் அவள் தலையிலிருந்து கால்வரை அப்படியே போய் நின்றாள். இறங்கியவனுக்கும் ஒரு தொப்பை இருந்தது. இப்போது இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள்.

கோர்ட்டில் சாமிக்கு ஆறு மாசம் கிடைத்தது. அவர் போலீஸ் வேனில் ஏறும்போது பொன்னியம்மா அருகே போனாள்.

“கவலப்படாதீங்க சாமி. எங்களுக்குத்தான் ஆறு மாசம். உங்களுக்கு ஒரு பகல்தானே.”

பலகையை இன்னும் யாரும் கழற்றவில்லை. அந்த வீட்டில் எழுதியிருந்ததில் அது ஒன்றுதான் உண்மை. அடுத்த சாமி வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருப்பான். திருப்பதிக்குப் போகிறவர்களே, போங்கள். ஆனால் தலை மொட்டை போடுவதற்கு மட்டும் முளைத்ததல்ல.