சட்டை மடிக்கும் நாய்

இந்தக் கதை எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம். நாய் வெள்ளையா சாம்பலா என்று கேட்டால்கூட முழிப்பேன். அதன் பெயர் பஞ்சு என்பதும், அது அழுதது என்பதும் மட்டும் நிச்சயம்.

மாடியில் குடியிருந்த கண்ணாடிக்கடைக்காரர் வேலை முடிந்து படியேறும்போது, கீழ்வீட்டில் இருந்த ஓனர் வழிமறித்தார்.

"தம்பி, மத்தியானம் உங்க நாய் ஒப்பாரி வச்சுது. எனக்குச் சோறு எறங்கல."

"தனியா இருந்தா பயப்படுது சார். பழக்கிடுறேன்."

"மாசக் கடைசிக்குள்ள பழக்குங்க. இல்லன்னா அது போகணும், இல்ல நீங்க போகணும்."

கண்ணாடிக்கடைக்காரருக்கு வீட்டில் பேச்சுத்துணை என்று இருந்தது பஞ்சு ஒன்றுதான். நாய் டாக்டரிடம் போய்க் கேட்டார். அவர் சொன்னபடி செருப்பை மாட்டினார், கதவைச் சாத்தினார், உடனே திரும்பி வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். பஞ்சு பாயில் படுத்தபடி கொட்டாவி விட்டது.

"இன்னைக்கு இன்னும் அதிகம்" என்றார் ஓனர், மறுநாள்.

துணைக்கு ரேடியோவில் பாட்டு வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது அது செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. தன் வாசனை இருக்கட்டும் என்று அழுக்குச் சட்டையைப் பாயில் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் அது மடித்து நாற்காலியில் வைக்கப்பட்டிருந்தது. நாய் சட்டை மடிக்குமா என்று நெடுநேரம் யோசித்தார். பிறகு, மறதி தன்னுடையதுதான் என்று முடிவு செய்துகொண்டார்.

"உங்க நாயால என்னால கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியல தம்பி" என்றார் ஓனர். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

கடைசி வழியாகக் கடைக்கு லீவு விட்டார். அன்று காலையிலேயே பஞ்சு வாசற்கதவருகே போய் உட்கார்ந்து ஊளையிட ஆரம்பித்தது. தூக்கி வைத்துக்கொண்டார், தட்டிக்கொடுத்தார். ஊளை இன்னும் உயர்ந்தது. கீழே ஓனர் இருமியதும் ஒரு கணம் வாலாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அவர் தன் அக்காவுக்குப் போன் செய்தார். "பஞ்சுவ நீயே வச்சுக்கோக்கா" என்றார்.

கதவைத் திறந்தபோது, படி கூட்டும் அம்மா நிமிர்ந்தாள்.

"என்னங்க, வேலைக்குப் போகலையா?"

"அழுவுதேன்னு வீட்டுல இருக்கேன். நான் பக்கத்துல இருந்தும் அழுவுது."

"நீங்க இருக்கறதாலதாங்க அழுவுது" என்றாள் அவள். "நீங்க கெளம்பினதும் ஓனர் ஐயா மாத்துச் சாவியோட மேல வந்து அதுகூடவே உக்காந்துடுவாரு. அவர் சாப்பிடக் கீழ எறங்கினா அது கத்தும். இன்னைக்கு அவரு வரவே இல்லையே."

மாசக் கடைசி வந்தது. யாரும் போகவில்லை. ஓனர் மத்தியானச் சாப்பாட்டை மாடிக்கே எடுத்து வந்தார். பஞ்சு அழுவதை நிறுத்தியது. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் தினமும் காலையில் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே ஏதாவது சத்தம் வருகிறதா என்று படியில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.